போற்றி, போற்றார், போற்றம்மா

திருவண்ணாமலைக்காரங்களுக்கு 'போற்றி'ங்கற வார்த்தையை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. மாணிக்கவாசகர் திருவெம்பாவை பாடியது இந்த ஊரில்தான் என்பது மரபு. அதன் கடைசிப் பாட்டில் எட்டு வரியும் 'போற்றி'யில்தான் தொடங்கும். மார்கழி விடியற்காலையில் ஸ்பீக்கரில் கேட்டே வளர்ந்ததால், போற்றுதல் என்றால் புகழ்வது, கும்பிடுவது என்று மனசில் பதிஞ்சிடுச்சு.

ஆனா ஒரு விஷயம் கவனிச்சிருக்கீங்களா? வேங்கிக்கால் ஏரிக்கு ஒரு போஸ்டர் எழுதச் சொன்னா, நாம எல்லாரும் "ஏரியைப் போற்றிப் பாதுகாப்போம்"னுதான் எழுதுவோம். ஏன் ரெண்டு வினைச்சொல்? போற்றுவது வேறு, பாதுகாப்பது வேறு என்று நாம நினைக்கிறதால. பழைய தமிழில் ரெண்டுமே ஒரே சொல்லுக்குள் இருந்தது. கோடிங் பாஷையில் சொன்னா, ஒரே ஃபங்ஷன், ரெண்டு வேலை.

திருக்குறளை எடுத்துக்குவோம். 891-ஆம் குறளில் 'போற்றுவார்', 'போற்றல்' ரெண்டும் வருது. புகழ்றதுன்னு நினைச்சுப் படிச்சா அர்த்தமே ஓடாது. அங்கே போற்றுவார் என்றால் தங்களுக்குத் தீங்கு வராமல் காத்துக்கொள்பவர்கள். ஆற்றல் உள்ளவரை இகழாமல் இருப்பதுதான் எல்லாக் காவலிலும் பெரிய காவல் என்கிறார் வள்ளுவர். 493-ஆம் குறள் இன்னும் சுவாரஸ்யம். 'போற்றார்' என்று அதில் வருவது பகைவர்கள். அவர்களிடம் 'போற்றி' மோதணுமாம். எதிரிக்கு அர்ச்சனை பண்ணிட்டு சண்டைக்குப் போறதில்லை. தன்னைக் காத்துக்கொண்டு, இடம் பார்த்து மோதுவது.

எனக்கு ரொம்பப் பிடிச்ச விளக்கம் கலித்தொகையில் இருக்கு. நெய்தற்கலியில் ஒரு தோழி, தலைவியை விட்டுப் பிரிந்திருக்கும் தலைவனுக்கு ஒவ்வொரு நல்ல குணத்துக்கும் டெஃபனிஷன் சொல்லிக்கொண்டே வருகிறாள். போற்றுதலுக்கு அவள் சொல்வது: சேர்ந்தவரை விட்டுப் பிரியாமல் இருப்பது. அவ்வளவுதான். அதில் புகழ்ச்சி ஒரு துளி கூட இல்லை. கூட இருக்கணும்.

இந்த அர்த்தம் செத்துப்போச்சுன்னு நினைக்க வேண்டாம், பக்கத்து மாநிலத்தில் உயிரோட இருக்கு. மலையாளத்தில் போற்றுவது என்றால் வளர்ப்பது, சோறு போட்டு ஆளாக்குவது. பெறாமல் வளர்த்தவளுக்கு அங்கே 'போற்றம்மா' என்று பேர். உங்க ஹாஸ்டலில் கேரளா பசங்க இருந்தா கேட்டுப் பாருங்க.

சரி, ஒரு சொல்லின் பாதி அர்த்தம் தேய்ஞ்சு போனா என்ன நஷ்டம்? நம்ம ஊர்க் கதையே இருக்கு. 2002-ல் மத்திய தொல்லியல் துறை அண்ணாமலையார் கோயிலை தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நினைவுச்சின்னமாக அறிவித்தது. நோக்கம் பாதுகாப்புதான். ஆனால் எதிர்ப்பு பெரிசாக் கிளம்பி, உச்ச நீதிமன்றம் வரை வழக்கு போச்சு. கடைசியில் கோயில் இந்து சமய அறநிலையத் துறை வசமே திரும்ப வந்தது. தினமும் எண்ணெயும் நெருப்பும் அபிஷேகமும் புழங்கும் இடத்துக்கு 'நினைவுச்சின்னம்' என்ற பேரே பலருக்கு ஒட்டலை. அப்போதைய விதிப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குள் புதுக் கட்டுமானத்துக்கும் தடை. மாட வீதியை ஒருமுறை நினைச்சுப் பாருங்க, எத்தனை வீடு, எத்தனை கடை! அதே சமயம் தஞ்சைப் பெரிய கோயில் தொல்லியல் துறையின் பாதுகாப்பில்தான் இருக்கு, அங்கே பூஜையும் நடக்குது. அதனால ரெண்டும் ஒண்ணா நடக்கவே முடியாதுன்னு சொல்ல முடியாது.

இதுக்கு நேர் எதிரான கதை ஒண்ணு உண்டு, சிவில் மெக்கானிக்கல் பசங்க கவனிங்க. திருப்பணி என்ற பேரில் தமிழ்நாட்டின் பல கோயில்களில் சாண்ட் பிளாஸ்டிங் பண்ணினாங்க. காற்றழுத்தத்தில் மணலைப் பீச்சி அடிச்சா எண்ணெய்ப் பிசுக்கு போயிடும், கல்லு பளிச்சுன்னு ஆயிடும். கூடவே கல்லின் மேல்தோலும் போயிடும். கல்வெட்டு எழுத்தின் ஆழமே சில மில்லிமீட்டர்தான். மணலுக்கு எது அழுக்கு, எது எழுத்துன்னு தெரியுமா? பக்தியில் ஒரு குறையும் இல்லாமல் செய்த வேலைதான் அது. அதைத்தான் என்னால் ஏத்துக்க முடியலை.

அந்தக் கல்வெட்டுகள் பலவற்றின் முடிவில் ஒரு வாசகம் திரும்பத் திரும்ப வரும். இந்த தர்மத்தைக் காப்பாற்றுகிறவன் பாதம் என் தலைமேல் என்று கொடை கொடுத்தவரே சொல்வதாக இருக்கும். கொடுத்தவருக்குப் புகழ் கேட்கலை. நூறு வருஷம் கழிச்சு யாரோ ஒருத்தர் விளக்கை அணையாமல் பார்த்துக்கொள்வார் என்று நம்பி, அந்த முகம் தெரியாத ஆளுக்கு முன்கூட்டியே வணக்கம் சொல்லிட்டுப் போயிருக்காங்க. போற்று என்ற சொல் அந்த வாசகத்தில் இல்லை. அதன் ரெண்டு அர்த்தமும் இருக்கு.

போற்று விட்டுப்போன வேலையை இப்போ பெரும்பாலும் 'பேணு'தான் பார்க்குது. உடல்நலம் பேணுதல், மரபைப் பேணுதல் என்று எழுதறோம். பேணு என்பதும் ஒருகாலத்தில் வழிபடுவதையும் குறிச்ச சொல்தான். அதில் காவல் தங்கிடுச்சு, போற்றுவில் கும்பிடு தங்கிடுச்சு. ஆனா வேங்கிக்கால் கலெக்டர் ஆபீஸ் பக்கம் டீ குடிச்சுக்கிட்டு ஏரியைப் பத்திப் பேசும்போது இந்த ரெண்டுமே யார் வாயிலும் வராது. "சரியா மெயின்டெயின் பண்றதில்லைப்பா" என்றுதான் சொல்வாங்க.