"கண்மாய்க்குள்ளே மனை" என்று சொன்ன வாத்தியாருக்கு ரூ.25 லட்சம் கேட்டு நோட்டீஸ்! உண்மையைச் சொன்னாலும் கேஸ் வருமா?

(நமது நிருபர்)

குன்றக்குடி,—

தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தது ஒரு நீளக் கவர்.

பிரித்துப் பார்த்த ஓய்வுபெற்ற வாத்தியாருக்குத் தலை சுற்றியது.

உள்ளே 4 பக்க வக்கீல் நோட்டீஸ். "எங்கள் கட்சிக்காரரின் நற்பெயருக்குக் களங்கம் ஏற்படுத்தியதால் 15 நாளில் ரூ.25 லட்சம் நஷ்ட ஈடு தர வேண்டும். தவறினால் சிவில், கிரிமினல் இரண்டு வழக்கும் தொடரப்படும்" என்று அதில் இருந்தது.

அப்படி என்ன குற்றம் செய்தார் அவர்?

ஊர்க்காரர்கள் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் 3 வரி எழுதினார். அவ்வளவுதான்!

"கார்னர் பிளாட் கடைசி ரெண்டு!"

சண்முகநாதர் மலையடிவாரத்தில் இருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் இப்போது மனை பேச்சுதான். காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆனதும் புரோக்கர்களுக்குக் கொண்டாட்டம். "நாளைக்கு இதுவும் சிட்டிக்குள்ள வந்துரும்ணே, கார்னர் பிளாட் கடைசி ரெண்டுதான் இருக்கு" என்று ஆளைப் பிடித்து இழுக்கிறார்கள். கொடி கட்டிய வேன். இலவச மதிய சாப்பாடு. புக் பண்ணினால் வெள்ளிக் காசு!

வாத்தியாரையும் அந்த வேன் ஏற்றிப் போயிருக்கிறது. போன இடத்தில் சாப்பாட்டை விட அவர் கண்ணில் பட்டது வேறு.

"தம்பி, நான் சின்னப் பிள்ளையில மீன் பிடிச்ச இடம் அது. மடை இருந்த இடத்துல ஆர்ச் கட்டி வச்சிருக்கான். எனக்குப் பொறுக்கலை" என்று அவர் நம்மிடம் கூறினார்.

அன்று ராத்திரியே செல்போனை எடுத்தார். அவர் எழுதியது இதுதான்:

"அந்த இடம் கண்மாய் உள்வாயில் இருக்கிறது. விற்கிறவன் திருட்டுப்பயல். யாரும் ஏமாறாதீர்கள்."

10-வது நாள் நோட்டீஸ்!

(வாத்தியாரின் பெயரையும், மனை போட்டவர் பெயரையும் நாம் வெளியிடவில்லை. விவகாரம் கோர்ட்டுக்குப் போகலாம் என்பதால்.)

மூன்று வரியில் எந்த வரி தப்பு?

நோட்டீசின் நகலை எடுத்துக்கொண்டு காரைக்குடி கோர்ட்டு வாசலுக்குப் போனோம். பல வருஷமாகச் சிவில் வழக்கு நடத்தும் ஒரு வக்கீல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். சிரித்தார்.

"முதல் வரியால இவரை அசைக்க முடியாது. மூணாவது வரியாலயும் முடியாது. நடுவுல ஒரு வரி எழுதினாரு பாருங்க, அதுலதான் மாட்டுறாரு" என்றார்.

எப்படி?

"கண்மாய் உள்வாயில் இருக்கிறது" என்பது நிரூபிக்கக்கூடிய விஷயம். 'அ' பதிவேடு இருக்கிறது, புல வரைபடம் இருக்கிறது. தாலுகா ஆபீசில் எடுத்துக் காட்டலாம். "ஏமாறாதீர்கள்" என்பது எச்சரிக்கை. ஆனால் "திருட்டுப்பயல்" என்பதற்கு என்ன பத்திரம் காட்டுவது? எந்தக் கோர்ட்டும் அந்த ஆளைத் திருடன் என்று தீர்ப்பு சொல்லவில்லையே!

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. உள்வாய் என்றாலே முழுவதும் புறம்போக்கு என்று நினைத்துவிடக் கூடாது. சில கண்மாய்களில் உள்வாய்க்குள்ளேயே பட்டா நிலங்கள் இருக்கின்றன. "எங்கிட்ட பட்டா இருக்கு" என்று எதிர்த்தரப்பு சொன்னால் அதுவும் உண்மையாக இருக்கலாம். பட்டா இருப்பது வேறு, வீடு கட்ட அனுமதி இருப்பது வேறு. மழை வந்தால் தண்ணீர் பட்டாவைக் கேட்டுக்கொண்டு நிற்காது என்பது இன்னொன்று.

சட்டம் என்ன சொல்கிறது?

அவதூறு என்றால் முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 499, 500. வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம். 2024 ஜூலை 1 முதல் அது போய், பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 356-வது பிரிவு.

தண்டனை 2 வருஷம் வரை வெறுங்காவல், அல்லது அபராதம், அல்லது இரண்டும். புதுச் சட்டத்தில் 'சமூக சேவை' என்றும் ஒரு தண்டனை சேர்த்திருக்கிறார்கள்.

"சுப்பிரமணியசாமி கேசுல இதையெல்லாம் எடுத்துட்டாங்கன்னு சொன்னாங்களே?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார். இல்லை. நேர் எதிர்! தமிழ்நாட்டில் தன் மேல் போடப்பட்ட அவதூறு வழக்குகளை ஒட்டி அவர் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனார். ராகுல் காந்தி, கெஜ்ரிவாலும் போனார்கள். 2016 மே மாதம் "இந்தச் சட்டம் செல்லும்" என்று தீர்ப்பு வந்தது.

எடுத்தது வேறு. இணையத்தில் எழுதினாலே போலீஸ் கைது செய்ய வழிவிட்ட தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு. அதை 2015 மார்ச் 24-ல் சுப்ரீம் கோர்ட்டு ரத்து செய்தது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொண்டு பலர் தைரியமாக எழுதி மாட்டிக்கொள்கிறார்கள்.

ஆனால் பயந்து நடுங்கவும் வேண்டியதில்லை.

அவதூறு வழக்கில் போலீஸ் தானாக வீட்டுக்கு வந்து பிடித்துப்போக முடியாது. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் தனிப் புகார் கொடுக்க வேண்டும். புதுச் சட்டப்படி, வழக்கை எடுத்துக்கொள்ளும் முன்பே எதிரியையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டாக வேண்டும். ஜாமீன் கிடைக்கும் குற்றம்தான்.

10 விதிவிலக்குகளும் இருக்கின்றன. உண்மையைப் பொது நன்மைக்காகச் சொன்னால் அவதூறு இல்லை. அதிகாரியிடம் நல்லெண்ணத்தோடு புகார் கொடுத்தால் அவதூறு இல்லை. இன்னொருவர் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு எச்சரித்தால் அதுவும் இல்லை. வாத்தியாரின் மூன்றாவது வரிக்கு இந்தக் கடைசி விதிவிலக்குதான் குடை.

ரூ.25 லட்சம் யார் கொடுத்தது?

நோட்டீசில் கோடி கேட்கலாம். காசா, பணமா!

கோர்ட்டில் கேட்பதற்குத்தான் காசு. தமிழ்நாட்டில் நஷ்ட ஈடு வழக்குக்குக் கோர்ட்டுக் கட்டணம் நூற்றுக்கு 3 ரூபாய் வீதம். முன்பு ஏழரை ரூபாயாக இருந்தது, 2017-ல் குறைத்தார்கள். ரூ.25 லட்சம் கேட்டால் ரூ.75 ஆயிரத்தை முதலில் கட்ட வேண்டும். எழுதிய நாளில் இருந்து ஒரு வருஷத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

"பாதி நோட்டீஸ் நோட்டீசோட நின்னுரும். ஆள் பயந்து போஸ்ட்டை அழிச்சாப் போதும், வந்த வேலை முடிஞ்சது" என்றார் அந்த வக்கீல்.

மனை விற்கிறவருக்கு ரூ.75 ஆயிரம் ஒரு விளம்பரச் செலவு. பென்ஷன் வாங்குகிற வாத்தியாருக்கு? ஒவ்வொரு வாய்தாவுக்கும் பஸ் ஏற வேண்டும், வக்கீல் பீஸ் கொடுக்க வேண்டும். ஜெயிப்பது தோற்பது அப்புறம். வழக்கு நடப்பதே தண்டனைதான்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு பெயரே உண்டு. டென்வர் பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் ஜார்ஜ் பிரிங், பெனலோபி கேனன் இருவரும் 1980-களில் இப்படிப்பட்ட வழக்குகளைத் தோண்டி எடுத்து ஆராய்ந்தார்கள். 'ஸ்லாப்' வழக்கு என்று பெயர் வைத்தார்கள். தமிழில் சொன்னால் 'வாயடைப்பு வழக்கு'. கட்டட அனுமதியை எதிர்த்துக் கூட்டத்தில் பேசியவர், மனை விவகாரத்தில் மனு கொடுத்தவர் என்று அதில் பலர் நம்ம வாத்தியார் மாதிரி ஆட்கள்தான். கலிபோர்னியாவில் 1992-லேயே இதைத் தடுக்கத் தனிச் சட்டம் போட்டுவிட்டார்கள். இந்தியாவில் அப்படி ஒரு சட்டம் கிடையாது.

பம்பாயில் ரூ.100 கோடி!

நம்ம வாத்தியாருக்கு 25 லட்சம். பம்பாயில் 100 கோடி!

வடாலா பகுதியில் லோதா நிறுவனம் கட்டிய அடுக்குமாடி வீடுகள் பற்றி, வாங்கியவர்களின் குறைகளைக் கிருஷ்ணராஜ் ராவ் என்ற பத்திரிகையாளர் விடாமல் எழுதினார். 2018-ல் அவர் மேலும், வீடு வாங்கியவர் மேலும் ரூ.100 கோடி கேட்டு நிறுவனம் வழக்குப் போட்டது. "தீர்ப்பு வரும்வரை இவர்கள் எதுவும் எழுதக்கூடாது" என்று இடைக்காலத் தடையும் கேட்டது.

2019 பிப்ரவரியில் நீதிபதி ஜி.எஸ்.பட்டேல் தடை கொடுக்க மறுத்துவிட்டார்.

கவனிக்க வேண்டும்: மறுத்தது தடையை. நஷ்ட ஈடு வழக்கு வேறு சமாச்சாரம். ஆனாலும் வாயைக் கட்டாமல் விட்டதே பெரிய விஷயம்.

சுப்ரீம் கோர்ட்டும் 2024 மார்ச் மாதம் புளூம்பெர்க்–ஜீ வழக்கில் இதே ரீதியில் சொன்னது. விசாரணைக்கு முன்பே ஒரு செய்தியை நிறுத்தச் சொல்வது சாதாரண விஷயமாகிவிடக் கூடாது என்று, கீழ்க்கோர்ட்டு போட்ட தடையை ரத்து செய்தது.

இவ்வளவு தூரம் போவானேன்? நம்ம ஊர் ஆட்டோ சங்கர் கேஸ் போதாதா! ஜெயிலில் இருந்து அவன் எழுதிய சுயசரிதையை வெளியிடக் கூடாது என்று நக்கீரனுக்கு அதிகாரிகள் போட்ட முட்டுக்கட்டையை 1994-ல் சுப்ரீம் கோர்ட்டு உடைத்தது. வெளியாகும் முன்பே தடுக்க முடியாது. கோர்ட்டு ஆவணம் உள்பட பொதுப் பதிவேட்டில் இருப்பதை யாரும் எழுதலாம் என்று சொன்னது. தண்டனைக் கைதியின் கதையில் பிறந்த தீர்ப்பு, கண்மாய்க் கதைக்கும் கைகொடுக்கிறது!

அவதூறு கேசை விட ஆபத்து இது

கிரைம் செய்தி எழுதுகிறவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும்.

வாத்தியார் நோட்டீசைப் பார்த்துப் பயப்படுகிறார். பயப்பட வேண்டியது வேறு. "பணம் கேட்டு மிரட்டினார், தரமாட்டேன் என்றதால் எழுதினார்" என்று எதிர்த்தரப்பு போலீசில் ஒரு புகார் தட்டினால்? அது 308-வது பிரிவு. பணம் பறிப்பு. அதற்குப் போலீஸ் நேரடியாக எப்.ஐ.ஆர். போடலாம்!

மனை போட்டவர் "வாங்கய்யா, உக்காந்து பேசிக்கலாம்" என்று தனியாகக் கூப்பிட்டால் போகவே கூடாது என்கிறார்கள் வக்கீல்கள். பேச்சு 5 நிமிஷம். அதன் கதை 5 வருஷம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. மனை போடுகிற இடத்தில் எல்லாம் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு போய்க் கவர் வாங்குகிற கூட்டம் ஒன்றும் திரிகிறது. அவர்களால்தான் நியாயமாகக் கேட்கிறவனையும் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். மனை விளம்பரம் இல்லாத பத்திரிகை உண்டா என்று நீங்கள் கேட்பதும் காதில் விழுகிறது. மறைப்பானேன்!

கேட்டதால் நடந்தது

வாயைத் திறந்ததால் ஒன்றும் ஆகாது என்று சொல்ல முடியாது. 2016 செப்டம்பர் 9. வக்கீல் யானை ராஜேந்திரன் போட்ட பொதுநல வழக்கில், அனுமதி இல்லாத மனைகளைப் பத்திரம் பதியக் கூடாது என்று சென்னை ஐகோர்ட்டு உத்தரவு போட்டது. தமிழ்நாடு முழுக்கப் பத்திர ஆபீஸ்கள் காற்று வாங்கின! 2017 மே மாதம் வரன்முறைத் திட்டம் வந்த பிறகுதான் மூச்சு வந்தது. ஒரு மனு போட்ட வேலை அது.

அதே 2017-ல் தமிழ்நாட்டில் 'ரெரா' விதிகளும் வந்தன. 500 சதுர மீட்டருக்கு மேல் மனை போட்டால், ரெராவில் பதியாமல் விளம்பரமே செய்யக் கூடாது. விளம்பரத்தில் பதிவு எண் இருக்க வேண்டும். பொய் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்டியவருக்கு நஷ்ட ஈடு உண்டு.

வாத்தியாரிடம் இருந்த பிட் நோட்டீசை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். வெள்ளிக் காசு படம் இருந்தது. கோவில் கோபுரம், மயில் எல்லாம் இருந்தது. பதிவு எண் இல்லை!

"இதை முதல்லயே எழுதியிருந்தா திருட்டுப்பயல்ங்கிற வார்த்தையே தேவைப்பட்டிருக்காதே" என்றோம்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "முப்பது வருஷம் பிள்ளைகளுக்கு, கோபத்துல எழுதாதேன்னு சொன்னவன் நான்" என்றார்.

இப்போது நிலவரம்

அந்த ஒரு வரியை மட்டும் அழித்து, "அந்தச் சொல்லுக்கு வருந்துகிறேன்" என்று அதே குழுவில் எழுதிவிட்டார். மற்ற இரண்டு வரியையும் அழிக்கவில்லை. வக்கீல் மூலம் பதில் நோட்டீஸ் போயிருக்கிறது. வழக்கு இன்னும் வரவில்லை.

வீட்டம்மா இதை ஒப்புக்கொள்ளவில்லை. "எவனோ இடம் வாங்கி எவனோ முங்கிட்டுப் போறான், உங்களுக்கு என்ன? பொண்ணு கல்யாணத்துக்கு வச்சிருக்கிற காசையும் கோர்ட்டுல போய்க் கொட்டணுமா?" என்று நம் எதிரிலேயே சத்தம் போட்டார்.

வாத்தியார் பதில் சொல்லவில்லை. மேஜை மேல் இருந்த காகிதங்களை அடுக்கினார். புல வரைபடம். 'அ' பதிவேட்டு நகல். வில்லங்கச் சான்று. பதிவு எண் இல்லாத பிட் நோட்டீஸ். எல்லாவற்றையும் மஞ்சள் பையில் போட்டார்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். சிவகங்கை கலெக்டர் ஆபீசுக்குக் காலை முதல் பஸ்சில் போகிறார். மனுவை நம்மிடம் காட்டினார். ஒன்றரைப் பக்கம். சர்வே நம்பரோடு இருந்தது. யாரையும் திட்டவில்லை.