தழும்புச் சிகிச்சைக்குச் சென்னை போனால் எங்கே தங்குவது?

யுத்தத்தில் எரிகாயப்பட்ட சகோதரிகள் சிலர், நான் சென்னைக்குப் போய்த் தழும்புக்குச் சத்திரசிகிச்சை செய்துகொண்டு வந்ததை அறிந்து என்னிடம் விபரம் கேட்கிறார்கள். எந்த வைத்தியர், எவ்வளவு காசு முடிந்தது என்பவைதான் எல்லோரும் முதலில் கேட்பவை. எங்கே தங்கியிருந்தீர்கள் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. சத்திரசிகிச்சைக் கூடத்தில் நான் இருந்தது மூன்று மணித்தியாலம். வாடகை அறையில் இருந்தது பதினெட்டு நாட்கள். அந்தப் பதினெட்டு நாட்களைப் பற்றியே இங்கு எழுதுகிறேன்.

2009 ஏப்ரலில் எங்கள் தறப்பாள் கொட்டில் தீப்பற்றியபோது எனக்கு வலது கன்னத்தின் கீழிருந்து தோள்மூட்டு வரை எரிந்தது. எரிகாயம் ஆறிய பின்னரும் தழும்பு சுருங்கிக்கொண்டே போகும். என் கழுத்தும் அப்படித்தான் தோளோடு இழுபட்டு நின்றது. கொழும்பில் ஒரு தடவை அந்த இறுக்கத்தை விடுவித்தார்கள், தலை நிமிர்ந்தது. மிச்சமிருந்த தடிப்பையும் இழுவையையும் திருத்துவதற்கு, கனடாவிலுள்ள அண்ணா காசு அனுப்பியதால், 2023 ஜனவரியில் தங்கச்சியுடன் சென்னைக்குப் போனேன். "இந்த வயதில் அழகுக்காகப் போறாவாம்" என்று ஊரில் கதைத்தவர்களும் உண்டு. கதைக்கட்டும்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. அங்கே கட்டணம் இல்லை. முதலில் அங்கே காட்டுங்கள். நகையை அடைவு வைத்துக்கொண்டு சென்னைக்கு ஓட வேண்டியதில்லை.

தங்குமிடத்தைத் தீர்மானிக்குமுன் உங்களுக்குச் செய்யப்போவது என்னவென்று விளங்கிக்கொள்ள வேண்டும். எனக்குத் தொடையிலிருந்து மெல்லிய தோல் எடுத்துக் கழுத்தில் ஒட்டினார்கள். ஒட்டிய தோலுக்கு உடனே இரத்த ஓட்டம் கிடையாது. கீழேயுள்ள தசையிலிருந்து ஊறும் நீரில்தான் அது முதலிரண்டு நாட்களும் உயிர் பிழைக்கிறது. பிறகுதான் சிறிய இரத்தக் குழாய்கள் அதற்குள் வளர்கின்றன. அந்த நாட்களில் அடியில் இரத்தம் தேங்கினாலோ, அசைந்து விலகினாலோ, கிருமி தொற்றினாலோ ஒட்டு பிடிக்காது. எனக்கு மூன்றாம் நாள் துண்டு வெட்டினார்கள். ஐந்தாம் நாள் முதற்கட்டு அவிழ்த்தார்கள். இடைப்பட்ட காலத்தில் அந்தத் தோலைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு அறையில் இருந்த எங்கள் இருவருக்கும்தான்.

வளசரவாக்கத்தில் எமது மாமி ஒருவர் இருக்கிறார். அந்தப் பகுதியில் இலங்கைத் தமிழர் பலர் வசிப்பதால் எம்மவர்கள் சென்னை என்றதும் அங்கேதான் போவார்கள். மாமியும் "சொந்தக்காரர் இருக்க லொட்ஜிலயோ தங்கிறது?" என்று மனம் நொந்து கேட்டா. நான் அங்கு தங்கவில்லை. வைத்தியசாலை ஆயிரம்விளக்குப் பக்கம். ஒவ்வொரு கட்டுக்கும் போய்வர நெரிசலில் ஓட்டோ ஓட வேண்டும், வேகத்தடை ஒவ்வொன்றிலும் கழுத்து குலுங்கும். இது ஒரு காரணம். மற்றக் காரணம் எங்களைப் போன்ற பெண்களுக்கு நன்றாக விளங்கும். உறவினர் வீட்டில் படுத்தால் பார்க்க வருபவர்கள் வருவார்கள். வந்தவர்கள், எப்படி எரிந்தது, எந்த இடத்தில், அப்போது கூட இருந்தவர்கள் யார் யார், இப்போது எங்கே என்று கேட்பார்கள். அன்பினால்தான் கேட்கிறார்கள். ஆனாலும் கழுத்தை அசைக்காமல் படுத்திருக்கும் ஒருத்தியால் எழும்பி வெளியே போகவும் முடியாதே. மாமி கிழமைக்கு இரண்டு தடவை இடியப்பமும் சொதியும் கொண்டு வந்து தந்துவிட்டுப் போனா, அதுவே பேருதவி.

பக்கத்து அறையில் மன்னாரைச் சேர்ந்த ஒரு தாய் இருந்தா. அவவின் மகளுக்கும் கையில் தோல் ஒட்டியிருந்தார்கள். முதலில் தாம்பரத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். இரவில் கட்டு நனைந்து மணத்தபோது "விடியட்டும், இப்ப இவ்வளவு தூரம் எப்படிப் போறது" என்று எல்லோரும் சொல்ல, காலையில் ஏறக்குறைய இருபத்தைந்து கிலோமீற்றர் வந்து பார்த்தால், உள்ளே இரத்தம் தேங்கி ஒட்டு பாதிக்கு மேல் போய்விட்டதாம். இரண்டாவது தடவை ஒட்டிய பிறகுதான் எங்கள் பக்கம் அறை எடுத்தார்கள். நடந்தே போகக்கூடிய தூரத்தில் தங்க வேண்டும் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான். முதற்கட்டு அவிழ்த்து, ஒட்டு பிடித்துவிட்டது என்று வைத்தியர் சொன்ன பிறகு வேண்டுமானால் மலிவான தூர இடத்துக்கு மாறலாம்.

கிரீம்ஸ் ரோட்டுப் பக்கம் நோயாளர்களுக்கென்றே நடத்தப்படும் விடுதிகள் நிறைய உண்டு. வங்காளத்திலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் பங்களாதேசிலிருந்தும் வருபவர்கள் அவற்றில் குடும்பமாகத் தங்கிச் சமைத்துச் சாப்பிடுகிறார்கள். முகவர் ஒருவர் எங்களை வேறொரு விடுதிக்கு அனுப்பப் பார்த்தார். "புதுக் கட்டிடம், ஏசி அறை" என்றார். தங்கச்சி போய்ப் பார்த்துவிட்டு வந்து, அறை மூன்றாம் மாடியில், லிப்ட் இல்லை என்றாள். முகவர்கள் விடுதிக்காரரிடமும் பணம் வாங்குகிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்தோம். அறையை உங்களோடு வருபவர் தன் கண்ணால் பார்க்காமல் முற்பணம் கொடுக்காதீர்கள்.

பார்க்கும்போது முதலில் மலசலகூடத்தைப் பாருங்கள். தொடையில் தோல் எடுத்த இடம் ஆற இரண்டு கிழமை அளவில் செல்லும். அதுவரை குந்தி இருக்க முடியாது, ஆகவே கொமோட் இருக்க வேண்டும். நிலம் வழுக்காமல் இருக்க வேண்டும். குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள். 2019 கோடையில் சென்னை தண்ணீருக்குப் பட்ட பாடு பத்திரிகைகளில் எல்லாம் வந்தது. யன்னலுக்கு நுளம்பு வலை வேண்டும். கட்டிலில் சாய்ந்திருக்க இரண்டு மூன்று தலையணை கேளுங்கள். காஸ் அடுப்பு இருந்தால் மிகவும் நல்லது. காயம் ஆறப் புரதம் வேண்டும். தங்கச்சி முட்டை அவித்தும் பருப்பும் மீனும் காய்ச்சியும் தந்தாள். கடைச் சாப்பாட்டை வாங்கியிருந்தால் அந்தக் காசுக்கு அது கட்டாது. ஏசி கட்டாயமா என்று கேட்கிறார்கள். ஜனவரியில் மின்விசிறி போதுமாக இருந்தது. மே மாத அக்கினி நட்சத்திர வெயிலில் கட்டுக்குள் வியர்க்கும், அப்போது தேவைப்படும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை மழைக்காலம். 2015 இலும் 2023 இலும் டிசம்பர் வெள்ளத்தில் நகரமே நின்றுபோனது. திகதியைத் தெரிவுசெய்யும் உரிமை உங்களிடம் இருந்தால் தை, மாசி நல்ல காலம்.

கடதாசி வேலையையும் இலேசாக எண்ண வேண்டாம். சிகிச்சைக்கு மருத்துவ விசாவில்தான் போக வேண்டும்; கூடப் போகும் உறவினர் இருவர் வரை உதவியாளர் விசா எடுக்கலாம். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணித்தியாலத்துக்குள் அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டியது தங்க வைப்பவரின் கடமை. நோயாளர் விடுதிகளுக்கு இது பழகிப்போன வேலை. தனி வீட்டுக்காரர் சிலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் இலங்கைக் கடவுச்சீட்டைக் கண்டதும் தயங்குவார்கள். ஒரு வீட்டுக்காரர் எங்களிடம் முகத்துக்கு நேரே "சிலோன்காரங்களுக்குத் தர்றதில்ல" என்றார். கோபம் வந்ததுதான். ஆனாலும் பதிவில்லாமல் இரகசியமாகத் தங்குவதைவிட அது பரவாயில்லை.

திரும்பி வரும் திகதியை முன்கூட்டியே இறுக்கிப் போடாதீர்கள். முகத்திலோ வயிற்றிலோ அழகுச் சத்திரசிகிச்சை செய்தவர்கள் 7 முதல் 10 நாட்கள் வரை விமானப் பயணத்தைத் தவிர்க்குமாறு பிரித்தானியாவின் அரச சுகாதார சேவை சொல்கிறது. தோல் ஒட்டியவர்கள் தமது வைத்தியர் சொல்வதைக் கேட்க வேண்டும். சத்திரசிகிச்சைக்குப் பின் ஒரே இடத்தில் கிடந்தால் கால் நரம்பில் இரத்தம் உறைந்து அது நுரையீரலுக்குப் போய் உயிருக்கே ஆபத்தாகலாம். வைத்தியர் அனுமதித்த நாளிலிருந்து தங்கச்சி என்னை விடுதி நடைபாதையில் காலையும் மாலையும் நடத்தினாள். திகதி மாற்றக்கூடிய விமானச்சீட்டு கொஞ்சம் விலை கூடத்தான். எனக்குத் தொடைக்காயம் பிந்தி ஆறியதால் பயணம் ஐந்து நாள் தள்ளிப்போனது. மாற்றமுடியாத சீட்டு என்றால் காசு முழுவதும் போயிருக்கும்.

விடுதியை விட்டு வெளிக்கிடுமுன் சத்திரசிகிச்சைக் குறிப்பு, மருந்துத் துண்டு, காயத்தின் படங்கள் எல்லாவற்றையும் வாங்கி ஒரு கோவையில் போட்டுக்கொண்டோம். கிளிநொச்சி வைத்தியசாலைத் தாதி அதைப் பார்த்துத்தான் மிச்சக் கட்டுகளைக் கட்டினா. தழும்பு தடிக்காமல் இருக்க அழுத்தப் பட்டியைக் கழுவும் நேரம் தவிர இரவும் பகலும் மாதக்கணக்காகக் கழுத்தில் போட்டிருந்தேன். வெயிலில் போகும்போது இப்போதும் குடை பிடிக்கிறேன்.