30 டாலருக்கு என்ன கிடைக்கும்?

வீட்டறை இசைக்காரர்கள் – 9

நெதர்லாந்தில், ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கே பர்மெரெண்ட் என்றொரு ஊர். அங்கே பிறந்த யங்கியோ என்ற இசைக்காரருக்கு 2018-ல் இருபது வயதுகூட ஆகவில்லை. யூடியூப் தானாக எடுத்துக் கொடுத்த ஒரு பழைய வாத்திய இசையைக் கேட்கிறார். கம்பி மீட்டும் ஒலி, கேட்டால் வெட்டவெளியும் குதிரையும் கண்ணுக்குத் தெரியும். அதில் ஒரு துண்டை வெட்டிச் சுற்றிச் சுற்றி ஓடவிட்டு, அடியில் கனத்த 808 பேஸும் டிராப் பாணி டிரம்ஸும் போட்டு, ராப்பர்கள் மேலே பாடுவதற்கான பின்னணி இசையை, அதாவது பீட்டை, விற்கும் பீட்ஸ்டார்ஸ் என்ற தளத்தில் ஏற்றிவிட்டு அடுத்த பீட்டுக்குப் போய்விடுகிறார்.

அந்த ஆண்டின் கடைசியில், அமெரிக்காவின் அட்லாண்டாவில் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டுச் சகோதரி வீட்டில் தங்கியிருந்த மான்டெரோ ஹில் அதை 30 டாலர் கொடுத்து எடுக்கிறார். அன்றைய மதிப்பில் சுமார் 2,200 ரூபாய். செவ்வாய்க்கிழமைகளில் 20 டாலர் சலுகை தந்த ஒரு ஸ்டுடியோவில், ஒரு மணி நேரத்துக்குள் பாடி முடிக்கிறார். இரண்டு நிமிடம்கூட ஓடாத அந்தப் பாட்டு 'ஓல்டு டவுன் ரோடு'. பாடியவரை உலகம் லில் நாஸ் எக்ஸ் என்று அறியும். டிசம்பரில் வெளியான பாட்டு 2019-ல் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் 19 வாரம் முதலிடத்தில் உட்கார்ந்தது. அதற்கு முன் யாரும் 16 வாரத்தைத் தாண்டியதில்லை. தன் பீட்டின் மேல் இப்படியொரு பாட்டு ஏறியிருப்பதே யங்கியோவுக்கு இன்ஸ்டாகிராமில் ஓடிய ஒரு கௌபாய் மீம் மூலம்தான் தெரியவந்தது.

இதை எல்லோரும் லாட்டரிக் கதையாகவே சொல்கிறார்கள். எனக்கு அந்தப் பகுதியில் அவ்வளவு ஆர்வமில்லை. அந்த 30 டாலருக்கு ஹில் எதை வாங்கினார், யங்கியோ எதைக் கைவிடாமல் வைத்துக்கொண்டார் என்பதில்தான் இந்தத் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது.

ஹிப்-ஹாப்பில் முன்பு பீட் விற்பதென்றால் கேசட்டையோ சிடியையோ சுமந்துகொண்டு ஸ்டுடியோ வாசலில் நிற்க வேண்டும். உள்ளே போக ஆள் தெரிந்திருக்க வேண்டும். 2000-களில் சவுண்ட்கிளிக் போன்ற தளங்களில் பீட்டைக் கடை விரிப்பது தொடங்கியது. பீட்ஸ்டார்ஸை 2008-ல் ஏப் பாட்ஷான் என்பவர் தொடங்கினார். இந்தக் கடைகளில் பெரும்பாலும் நடப்பது விற்பனை இல்லை, லீஸ். பீட் செய்தவரிடமே உரிமை இருக்கும். எடுப்பவருக்குக் கிடைப்பது, அதன் மேல் பாடி வெளியிட ஒரு அனுமதிச் சீட்டு.

அந்தச் சீட்டிலும் படிநிலைகள் உண்டு. எம்பி3 கோப்பு மட்டும் என்றால் 20, 30 டாலரில் முடிந்துவிடும். தரமான வேவ் கோப்புக்குக் கொஞ்சம் கூடுதல். டிரம்ஸ் தனி, பேஸ் தனி, மெலடி தனி என்று பிரித்துத் தரும் ஸ்டெம் கோப்புகளுக்கு 100 டாலரை ஒட்டி. ஒவ்வொன்றுக்கும் உச்சவரம்பு எழுதியிருக்கும்: இத்தனை லட்சம் ஸ்ட்ரீம் வரை, இத்தனை ஆண்டு வரை. பெரும்பாலான ஆரம்பநிலை ராப்பர்களுக்கு இந்த வரம்பு கண்ணிலேயே படாது, ஏனென்றால் அவர்கள் பாட்டு ஆயிரம் ஸ்ட்ரீமைத் தாண்டுவதில்லை. தாண்டினால்தான் அந்த வரி உயிர்பெறும். பாட்டு ஓட ஆரம்பித்ததும் ராப்பரோ அவரை ஒப்பந்தம் செய்த கம்பெனியோ மறுபடியும் பீட் செய்தவரிடம் வந்து உட்கார்ந்து பேசியாக வேண்டும். ஒரு சின்ன ஊர்ப் பையனைப் பெரிய கம்பெனி தேடி வருவது அந்த ஒரு வரியால்தான்.

ஒரே பீட்டை எத்தனை பேருக்கு வேண்டுமானாலும் லீஸுக்கு விடலாம். வாடகைப் பாத்திரக் கடையின் அண்டா ஒரு முகூர்த்தத்தில் ஒரு கல்யாணத்துக்குத்தான் போகும். பீட் ஒரே நாளில் நூறு கல்யாணத்துக்குப் போகும். வருமானம் அங்கே இருக்கிறது, வம்பும் அங்கேதான் இருக்கிறது. யாராவது பல நூறு டாலர் கொடுத்து 'எக்ஸ்க்ளூசிவ்' உரிமை வாங்கினால் அன்று முதல் புதிய லீஸ் நின்றுவிடும். ஆனால் அதற்கு முன் லீஸ் எடுத்தவர்களின் பாட்டுகள் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். இது தெரியாமல் முழுப் பணத்தைக் கொட்டிவிட்டு, அதே பீட்டில் இன்னும் பலர் பாடியிருப்பதைப் பார்த்து விற்றவரிடம் சண்டைக்கு வருகிறவர்கள் நிறைய. தப்பு பெரும்பாலும் விற்றவருடையதுதான். பழைய லீஸ்கள் எத்தனை இருக்கின்றன என்று முன்கூட்டியே சொல்லாமல் எக்ஸ்க்ளூசிவ் விற்பது என்னைப் பொறுத்தவரை மோசடிக்குப் பக்கத்து வீடு.

இதைவிடக் குழப்பமான இன்னொன்று யூடியூபின் கன்டென்ட் ஐடி. பதிவு செய்த ஒலியின் கைரேகையை வைத்துக்கொண்டு, அதே ஒலி வேறெங்கே வந்தாலும் கண்டுபிடித்து, அந்த வீடியோவின் விளம்பர வருமானத்தைப் பதிவு செய்தவருக்குத் திருப்பிவிடும் இயந்திரம் அது. முப்பது பேர் லீஸ் எடுத்த பீட்டில் ஒருவர் மட்டும் தன் பாட்டை விநியோக நிறுவனம் வழியாக ஏற்றும்போது கன்டென்ட் ஐடி பெட்டியையும் டிக் செய்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுநாளே மற்ற 29 பேரின் வீடியோக்கள் மேல் உரிமைக் கோரிக்கை வரலாம். பீட் செய்தவர் சொந்தச் சேனலில் போட்ட வீடியோ மேலும் வரலாம். தன் பீட்டைத் தானே திருடியதாக நோட்டீஸ் வாங்குவார். இயந்திரத்துக்கு லீஸ் தெரியாது, ஒலி மட்டும்தான் தெரியும். அதனால் விவரமான பீட்காரர்கள் லீஸிலேயே கன்டென்ட் ஐடியில் பதியக் கூடாது என்று எழுதிவிடுகிறார்கள். வரியைப் படிக்காமல் பதிகிறவர்களை என்ன செய்வது? ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் அனுப்பி விலக்கச் சொல்வதுதான் வழி. பீட் விற்பவரின் வேலைநாளில் இசைக்கு எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்று இதிலிருந்தே ஊகிக்கலாம்.

இப்போது யங்கியோ வெட்டியெடுத்த அந்தப் பழைய இசைக்கு வருவோம். அது நைன் இன்ச் நெயில்ஸ் என்ற ராக் குழு 2008-ல் வெளியிட்ட 'கோஸ்ட்ஸ்' தொகுப்பின் 34-வது துண்டு. 36 வாத்திய இசைத் துண்டுகள் கொண்ட அந்தத் தொகுப்பைக் குழுவின் தலைவர் டிரென்ட் ரெஸ்னர் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின் கீழ் விட்டிருந்தார். யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றலாம், பெயர் சொல்ல வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. 30 டாலர் விலை போட்ட கணத்திலேயே அது வணிகமாகிவிட்டது. பாட்டு பற்றிக்கொண்ட பிறகு ரெஸ்னர் தரப்பிடம் அனுமதி கேட்க வேண்டி வந்தது. அவர் மனிதர், விட்டுக்கொடுத்தார். ரெஸ்னரும் அவருடைய கூட்டாளி அட்டிகஸ் ராஸும் பாட்டின் எழுத்திலும் தயாரிப்பிலும் பெயர் பெற்றார்கள். வேறொருவர் என்றால் பாட்டையே இறக்க வைத்திருக்கலாம், வருமானம் முழுவதையும் கேட்டிருக்கலாம்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. பீட்காரர்களின் நிரந்தரப் புலம்பல், யூடியூபில் 'ஃப்ரீ' என்று போடும் பீட்டைப் பையன்கள் எடுத்து ஸ்பாட்டிஃபையில் போட்டுக் காசாக்குகிறார்கள் என்பது. 'ஃப்ரீ' என்று கொட்டை எழுத்தில் தலைப்பு வைத்துவிட்டு, லாபமில்லாத பயன்பாட்டுக்கு மட்டும் என்பதைக் கீழே பொடி எழுத்தில் போடுவார்கள். பொடி எழுத்தை யாரும் படிப்பதில்லை என்று புலம்புகிறவர்கள், தாங்கள் சாம்பிள் எடுக்கும் இடத்தின் பொடி எழுத்தையும் படித்துவிட்டுப் புலம்பலாம்.

பீட்டை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? தலைப்பில் பிரபல ராப்பரின் பெயரைப் போட்டு, பக்கத்தில் 'டைப் பீட்' என்று சேர்ப்பது வழக்கம். டிரேக் மாதிரி பாட ஆசைப்படுகிற பையன் 'டிரேக் டைப் பீட்' என்று தேடுவான், உங்கள் பீட் கையில் விழும். இதைத் திருட்டு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் நேற்று ஓடிய ஒலியை இன்று துரத்துவதிலேயே காலம் போகும், சொந்தக் குரல் வருவதற்குள் ஃபேஷன் மாறியிருக்கும். மான்செஸ்டர்க்காரர் மெனஸ் செய்த பீட் ஒன்றை நியூயார்க் ராப்பர் டிசைனர் யூடியூபில் கண்டெடுத்து 200 டாலருக்கு வாங்கினார். அந்த 'பாண்டா' பாட்டு 2016 மே மாதம் ஹாட் 100-ல் முதலிடம் போனது. இப்படி நடக்கிறதுதான். ஆனால் இதை நம்பி வேலையை விடாதீர்கள்.

நிலையான காசு இன்னொரு இடத்தில் இருக்கிறது. பாட்டின் இசையமைப்பு உரிமையில் பாதி வரிகளுக்கு, பாதி இசைக்கு என்பது ஹிப்-ஹாப்பில் பரவலான வழக்கம். லீஸ் விற்றாலும் அந்தப் பாதியைப் பீட்காரர்கள் வைத்துக்கொள்ளலாம். அமெரிக்காவில் ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற சங்கங்களும், 2021 முதல் ஸ்ட்ரீமிங் மெக்கானிக்கல் ராயல்டிக்காக எம்எல்சி என்ற அமைப்பும் வசூல் செய்கின்றன. நெதர்லாந்தில் பூமா/ஸ்டெம்ரா. இந்தியாவில் 1969-ல் தொடங்கிய ஐபிஆர்எஸ். எதிலும் பதியாமல் பீட் விற்கிறவர்களுக்கு 30 டாலரோடு கணக்கு முடிந்தது.

சென்னையிலோ கோவையிலோ உட்கார்ந்து வெளிநாட்டு ராப்பருக்கு பீட் விற்க நினைக்கிற வாசகர்கள் நம் 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 19-வது பிரிவை ஒருமுறை படித்துவிடுங்கள். அது லைசென்ஸுக்கும் பொருந்தும். எந்தப் படைப்பு, என்ன உரிமை, எவ்வளவு காலம், எந்தெந்த நாடு, எவ்வளவு தொகை என்பதெல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும் என்கிறது அது. காலத்தை எழுதாமல் விட்டால் ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும். நாட்டை எழுதாமல் விட்டால் இந்தியா மட்டும்தான். அட்லாண்டாவில் வெளியாகும் பாட்டுக்கு அந்தச் சீட்டு உதவாது. 2012 திருத்தத்துக்குப் பிறகு, இசையமைப்பாளர் தன் ராயல்டிப் பங்கை முழுதாக எழுதிக் கொடுக்கவும் முடியாது. தளங்கள் தரும் மாதிரி லீஸ் வேறு நாட்டுச் சட்டத்தை வைத்து எழுதப்பட்டதாக இருக்கலாம். அப்படியே ஒட்டாமல், காலம், நாடு, ஸ்ட்ரீம் வரம்பு, கன்டென்ட் ஐடி, இசையமைப்புப் பங்கு ஆகியவை அதில் இருக்கின்றனவா என்று பார்த்துவிட்டுக் கடையைத் திறங்கள்.

(தொடரும்)