பெரிய டீச்சருக்குத் தெரியக் கூடாது!

செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு என் பின்னாலேயே வாருங்கள். கதவைத் தட்ட வேண்டாம், லேசாகத் தள்ளினால் திறக்கும். சத்தம் மட்டும் கூடாது. ஏனென்றால் யாருக்குத் தெரியக் கூடாது என்று இத்தனை பாடும் படுகிறார்களோ, அவர் அடுத்த அறையில்தான் உட்கார்ந்திருக்கிறார்.

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற சாலையிலிருந்து பிரிந்து உள்ளே வந்தால் இந்தக் கரிசல் கிராமம். ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி. இரண்டு வகுப்பறை, ஒரு சின்ன அலுவலக அறை, ஒரு வேம்பு, ஒரு சமையல் கூடம். 57 பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். அந்த இருவரில் மூத்தவருக்கு, ஊர் முழுக்கப் 'பெரிய டீச்சர்' என்று கூப்பிடும் தலைமையாசிரியைக்கு, இன்று மாலை 5 மணிக்குப் பணி நிறைவுப் பாராட்டு விழா. இப்போது மணி இரண்டரை.

நாம் நிற்பது ஒன்று முதல் மூன்று வரை சேர்ந்து உட்காரும் அறை. இன்றைக்கு இதுவே ஒப்பனை அறை, சாமான் அறை, ரகசியக் கூட்டம் போடும் இடம் எல்லாம். 'அரும்பு, மொட்டு, மலர்' என்று சுவரில் ஒட்டிய அட்டைகளுக்குக் கீழே நிஜமான ரோஜா மாலைகள் நாலு, ஈர வேட்டி போர்த்திப் படுத்திருக்கின்றன. கால் மணிக்கு ஒரு தடவை அதன் மேல் தண்ணீர் தெளிப்பது என் பொறுப்பு. கையில் இந்தச் சொம்பு இருக்கிற தைரியத்தில்தான் உங்களையும் கூட்டிக்கொண்டு வந்தேன்.

இரண்டு அறைப் பள்ளியில் ரகசியம் காப்பது எவ்வளவு பெரிய கூத்து என்று பாருங்கள். "டீச்சர், நீங்க நாலரைக்கு வந்தாப் போதும்" என்று இன்னொரு ஆசிரியரான சின்ன சார் நேற்று கெஞ்சியிருக்கிறார். பெரிய டீச்சர் காலை ஒன்பது மணிக்கே வந்து கையெழுத்துப் போட்டுவிட்டு, பொறுப்பு ஒப்படைக்கும் பட்டியலை எழுத உட்கார்ந்துவிட்டார். சேர்க்கைப் பதிவேடு, தளவாடப் பதிவேடு, மடிக்கணினி ஒன்று, மேசை விசிறி ஒன்று (ஓடாது). சுவருக்கு அந்தப் பக்கம் பேனா ஓடுகிறது. இந்தப் பக்கம் பத்துப் பேர் பலூன் ஊதிக்கொண்டிருக்கிறோம். ஒரு பலூன் வெடித்தது. பேனா நின்றது. எல்லோரும் மூச்சைப் பிடித்தோம். பேனா மறுபடி ஓடியது.

டீச்சர் இங்கே வந்தது 1994-இல், இடைநிலை ஆசிரியையாக. நடுவில் இரண்டு வருடம் பக்கத்து ஊர்ப் பள்ளி, பிறகு தலைமையாசிரியையாக இங்கேயே திரும்பி வந்தார். 58 வயதில் போயிருக்க வேண்டியவர். அரசு ஓய்வு வயதை 2020-இல் 59 ஆக்கி, 2021-இல் 60 ஆக்கியதில் ஊருக்கு இரண்டு வருடம் கொசுறாகக் கிடைத்தது. போன டிசம்பரில் 60-ம் முடிந்தது. கல்வியாண்டின் நடுவில் பாடம் அறுந்துபோகாமல் இருக்க அந்த ஆண்டு முடியும் வரை மறுநியமனம் உண்டு என்பதால் அதற்கும் மேல் சில மாதம். இனிமேல் கேட்க முடியாது.

சின்ன சாரைப் பாருங்கள், சட்டை முதுகோடு ஒட்டிக்கிடக்கிறது. அவர் கவலை வேறு. பிள்ளைகள் ஆளுக்கொரு பக்கம் படம் வரைந்த பெரிய நோட்டு ஒன்றைத் தயார்செய்து, எலி கடிக்காத இடம் என்று அலுவலக இரும்பு பீரோவில் ஒளித்து வைத்தார். பீரோ சாவி பெரிய டீச்சரின் கொத்தில் இருப்பது வைத்த பிறகுதான் உறைத்தது. மூன்று நாளுக்கு முன், டீச்சர் போர் மோட்டார் போடப் போன நேரம் பார்த்து அந்த ஒற்றைச் சாவியை மட்டும் வளையத்திலிருந்து கழற்றிவிட்டார். "என் வாழ்க்கைல செஞ்ச முதல் திருட்டுங்க" என்று சட்டைப் பையைத் தொட்டுக் காட்டினார். இன்று டீச்சர் டீ குடிக்க எழுந்த இடைவெளியில் நோட்டும் வெளியே வந்தாயிற்று.

புரட்டிப் பார்ப்போமா? கை ஈரம் படாமல். ஏறக்குறைய எல்லாப் படத்திலும் கண்ணாடி, கொண்டை, கைப்பை. கைப்பை மட்டும் ஆளைவிடப் பெரிது. ஒன்றாம் வகுப்பு வாண்டு ஒன்று டீச்சரை வரையாமல் சாவிக் கொத்தை மட்டும் பக்கம் நிறைய வரைந்திருக்கிறது. அடியில் கோணல் எழுத்தில் 'டீச்சர்'. ஆள் அடையாளம் சரிதானே!

இந்தக் கூத்தின் நடுவில்தான் இடி விழுந்தது.

காலையில் வந்து இறங்கிய பிளக்ஸ் பேனரை வேம்புக்கும் கொடிக்கம்பத்துக்கும் நடுவே கட்டிவிட்டு எல்லோரும் தள்ளி நின்று ரசித்தாயிற்று. நாலாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி சின்ன சாரின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "சார், ரெண்டு சுழிதான் இருக்கு."

நிமிர்ந்து பார்த்தோம். ஓர் ஆள் உயர எழுத்தில், தங்க நிறத்தில்: 'பனி நிறைவுப் பாராட்டு விழா.'

அக்னி நட்சத்திரத்துக்கு இன்னும் சில நாளே இருக்கிறது, கரிசல் மண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது, எங்கள் பேனரில் பனி! அதுவும் யாருடைய விழாவில்? முப்பது வருடமாக இந்த ஊருக்கு மூன்று சுழியையும் இரண்டு சுழியையும் பிரித்துச் சொல்லிக்கொடுத்தவர் விழாவில். கல்யாணப் பத்திரிகையையே வாங்கி, சிவப்பு மையில் திருத்தித் திருப்பிக் கொடுத்தவர் என்று அவரைப் பற்றி ஊரில் ஒரு கதை உண்டு. மாப்பிள்ளை வீட்டார் கோபப்பட்டார்களாம். திருத்தம் சரிதானாம்.

புதிதாக அடிக்க நேரமில்லை. பள்ளிச் சுவருக்கு அடித்த மஞ்சள் பெயிண்ட் டப்பாவின் அடியில் கொஞ்சம் ஒட்டிக் கிடந்தது. பெஞ்சின் மேல் பெஞ்ச். கண்டுபிடித்தவளே ஏறட்டும், அவள் கையெழுத்துதான் நன்றாக இருக்கும் என்று முடிவாயிற்று. கீழே நாலு பேர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஆளுக்கொரு யோசனை. "இடப்பக்கம் போடு." "குண்டாப் போயிரும், மெல்லிசா இழு." அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, 'ப'வுக்கும் 'னி'க்கும் நடுவில் இருந்த அந்தத் துளி இடத்தில் மூன்றாவது சுழியைச் செருகினாள். நின்றது. கொஞ்சம் தொப்பை வைத்த சுழி, ஆனாலும் சுழி. கீழே இறங்கியபோது பாவாடையில் ஒரு சுழி, கன்னத்தில் ஒரு சுழி.

வாருங்கள், மூக்கு இழுக்கும் பக்கம் போவோம். சத்துணவுக் கூடத்தில் இன்று வெஜிடபிள் பிரியாணியும் கேசரியும். கோயிலிலிருந்து கடன் வாங்கிய அண்டா வாசலுக்குள் நுழையாததால் வெளியிலேயே மூன்று கல் வைத்து அடுப்பு. சமையல் அக்கா முந்தானையை இடுப்பில் செருகி, கண்ணைப் புகையிலிருந்து திருப்பிக்கொண்டு கிளறுகிறார். 1994-இல் டீச்சர் வந்த வருடம் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தவர் இவர். சேர்க்கைப் பதிவேட்டில் டீச்சர் கையெழுத்தில் எழுதிய முதல் பக்கத்திலேயே பெயர் இருக்கிறது. "நான் அஞ்சாப்போட நின்னுட்டேன். எம்மவளைக் காலேசு வரைக்கும் தள்ளிவிட்டது டீச்சர்தான்" என்றார், கரண்டியை நிறுத்தாமல்.

இங்கே ஒரு சட்டச் சிக்கல். பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன்னால் ஆசிரியர் ருசி பார்க்க வேண்டும் என்பது சத்துணவில் விதி. 2023 ஆகஸ்டில் காலை உணவும் வந்த பிறகு டீச்சருக்கு இது இரண்டு வேளை வேலை. "அவுக உப்புப் பாக்காம நான் ஒருநாளும் பந்தி வச்சதில்ல. இன்னைக்கு மட்டும் எப்படி வைக்க?" அக்கா யோசித்தார். பிறகு ஒரு சின்ன எவர்சில்வர் கிண்ணத்தில் கொஞ்சம் எடுத்து, தட்டால் மூடி, ஒரு பையனிடம் கொடுத்தார். "கொண்டுபோயி வச்சிட்டு வா. என்னன்னு கேட்டா வாயத் தொறக்கக் கூடாது."

பையன் காலிக் கிண்ணத்தோடு ஓடி வந்தான்.

"உப்பு பத்தலையாம். அரை எலுமிச்சம்பழம் பிழியச் சொன்னாங்க."

"என்ன சோறுன்னு கேக்கலயா?"

"கேக்கல."

அக்காவும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அக்கா ஒன்றும் சொல்லாமல் உப்பு ஜாடியை எடுத்தார்.

கேசரி வாசத்துக்கு வந்து நின்ற காமராசரை இந்த நேரத்தில்தான் விரட்டினார்கள். மூன்றாம் வகுப்புக் காமராசர், முழங்கை வரை வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. மதிய உணவுத் திட்டத்தை 1956-இல் பக்கத்து எட்டயபுரத்தில் தொடங்கிவைத்தவர் வேடத்தில் வந்த ஆளுக்கே சமையல் கூடத்தில் ஒரு வாய் கேசரி கிடைக்கவில்லை. "விழா முடிஞ்சு வா, போ" என்று கரண்டியைக் காட்டினார்கள்.

ஒப்பனை அறையில் நிலவரம் இன்னும் மோசம். பாரதி பிறந்த மண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளி விழா என்றால் பாரதி வேடம் இல்லாமல் முடியாது. இன்று இரண்டு பாரதி. இரண்டு அம்மாக்களும் தலைப்பாகை கட்டியே கூட்டி வந்துவிட்டார்கள், யாரைக் கழற்றச் சொல்வது? ஒரு பாரதிக்கு அப்பாவின் கல்யாணக் கோட்டு, முழங்காலுக்குக் கீழே தொங்குகிறது. இன்னொரு பாரதிக்கு மீசைதான் தொல்லை. கண் மையில் போட்டது வியர்வையில் கரைந்து, முறுக்கு மீசை மெல்ல மெல்லத் தாடியாகிக்கொண்டிருந்தது. மூன்று தடவை துடைத்து மூன்று தடவை போட்டாயிற்று. பக்கத்தில் கட்டபொம்மன், மிட்டாய்த்தாள் ஒட்டிய அட்டைக் கத்தியால் முதுகு சொறிந்துகொண்டிருந்தார்.

விசிறி வேண்டுமே என்று அலமாரியைத் திறந்தால், கட்டுக் கட்டாகச் செயல்வழிக் கற்றல் அட்டைகள். 2007-08 வாக்கில் மாநிலம் முழுக்க வந்த முறை. சுவரில் ஏணிப்படி, தரையில் வட்டமாகப் பிள்ளைகள், ஆளுக்கொரு அட்டை. அந்த முறை போய் வேறு வேறு முறைகள் வந்துவிட்டன. அட்டைகள் மட்டும் எண் வரிசை குலையாமல் ரப்பர் பேண்டு போட்டு இருக்கின்றன. தளவாடப் பதிவேட்டில் ஏறிய எதையும் டீச்சர் தூக்கிப்போட விட்டதில்லையாம். யானை அட்டையை எடுத்துப் பாரதிக்கு விசிறினேன். மீசை பிழைத்தது.

தெருமுனையிலிருந்து மேளச் சத்தம். ஊரார் பள்ளிக்குக் கொண்டுவரும் கல்விச் சீர் புறப்படுகிறது! சற்று முன் எட்டிப் பார்த்தபோது அங்கே ஒரு பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது. மொத்தம் 21 தாம்பாளம். தேங்காய் பழத்துக்குப் பக்கத்தில் சாக்பீஸ் டப்பா, சுவர்க் கடிகாரம், நகவெட்டி, கேரம் காயின். சண்டை விளக்குமாற்றைப் பற்றி. "சீர்த் தட்டுல போயி விளக்குமாறா?" என்றார் ஒரு பெரியம்மா. "பள்ளிக்கூடத்துக்கு வேணுமில்ல மதினி?" என்றார் இன்னொருவர். கடைசியில் அதைப் புது வாளிக்குள் நிறுத்தி, மேலே பூந்துவாலை போர்த்தி, மல்லிகைச் சரமும் சுற்றிவிட்டார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் கலசம் மாதிரியே இருக்கிறது.

விழாவை நான் சுருக்கமாகத்தான் சொல்வேன், அதை எல்லோரும் பார்த்தார்கள். ரேடியோ செட் ஒரு தடவை ஊளையிட்டது. வட்டாரக் கல்வி அலுவலர் வந்தார், நன்றாகவே பேசினார். இரண்டு பாரதியும் ஒரே நேரத்தில் மேடையேறி ஒரே வசனத்தை ஒருவரையொருவர் முந்திக்கொண்டு சொன்னார்கள், கைதட்டல் இரட்டிப்பாகக் கிடைத்தது. வேம்பின் பின்னால் நின்று காலை முதல் ஒத்திகை பார்த்த சின்ன சார் மைக் முன்னால் போய், "டீச்சர்…" என்றார். அதற்கு மேல் வரவில்லை. இரண்டு பக்கம் எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டார்.

பெரிய டீச்சர் எழுந்தார். ஏற்புரைக்கு முன்னால் சாவி ஒப்படைப்பு. கைப்பையிலிருந்து கொத்தை எடுத்து, ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளி மைக்கிலேயே சொன்னார். "இது வெளிக்கேட்டு. இது மோட்டார் ரூம். இது சமையல் கூடம், கொஞ்சம் தூக்கித் திருகணும். பீரோ சாவி…" நிறுத்தி, சின்ன சாரைப் பார்த்தார். "அது உங்க சட்டைப் பையிலேயே இருக்கு சார். மூணு நாளா வச்சிருக்கீங்க."

கூட்டம் சிரித்த சிரிப்பில் வேம்பிலிருந்து காக்கை பறந்தது.

இருட்டியாயிற்று. பந்தி முடிந்துவிட்டது, காமராசர் மூன்று தடவை கேசரி வாங்கிவிட்டார். உங்களுக்கும் கால் வலிக்கும், ஆனால் இதைப் பார்த்துவிட்டுப் போகலாம். பேனரை அவிழ்க்கிறார்கள். அதன் மேல் மத்தியானத்திலிருந்தே ஒரு பாட்டிக்குக் கண். "அத எனக்குக் குடுங்கப்பா, ஆட்டுக் கொட்டகைக்கு ஆகும்" என்று மூன்று பேரிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

தரையில் விரித்த பேனருக்குப் பக்கத்தில் பெரிய டீச்சர் வந்து நின்றார். கழுத்தில் நான் நனைத்த மாலை இன்னும் வாடவில்லை. குனிந்து, அந்தத் தொப்பைச் சுழியை விரலால் தடவிப் பார்த்தார். விரலில் மஞ்சள் ஒட்டியது.

"இந்தச் சுழி போட்டது யாரு?"

நாலாம் வகுப்புக்காரி அம்மாவின் பின்னால் போய் ஒளிந்தாள். கன்னத்து மஞ்சள் காட்டிக்கொடுத்தது. டீச்சர் கைப்பையைத் துழாவி, சிவப்புப் பேனாவை எடுத்தார். பிளக்ஸில் மை பிடிக்கவில்லை. இரண்டு தடவை உதறி, மூன்றாவது தடவை அழுத்தி, 'பணி' என்ற சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு 'சரி' போட்டார்.

பாட்டி பொறுமையாகக் காத்திருந்து, மை காய்ந்ததும் பேனரை நாலாக மடித்துத் தலையில் வைத்துக்கொண்டு ஆட்டுக் கொட்டகைப் பக்கம் நடந்தார்.