தனக்கென ஒரு சட்டம்

சட்டம் என்றால் அது ஊருக்கெல்லாம் பொதுவானது என்றே நாம் எண்ணிப் பழகிவிட்டோம். ஆயினும், ஒரு கம்பனியோ ஒரு நகரசபையோ ஒரு தனி மனிதரோ தமக்கு மட்டுமே உரிய சட்டமொன்றைப் பாராளுமன்றத்திடம் கேட்டுப் பெறுகின்ற வழக்கமும் உலகில் உண்டு. இங்கிலாந்திலே பல நூற்றாண்டுகளாக நிலைபெற்றுவரும் இவ்வழக்கத்தைத் தனியார் சட்டமூலம் என்பர். நம் நாட்டிலும் சங்கங்களைக் கூட்டிணைப்பதற்கெனத் தனித்தனிச் சட்டங்கள் நிறைவேறுவதை வாசகர்கள் பத்திரிகைகளிற் கண்டிருப்பர்.

ஒருவர் தமக்கெனச் சட்டம் கேட்கவேண்டிய அவசியம் யாது? பொதுச்சட்டம் அடைத்துவைத்த கதவைத் திறப்பதற்கு வேறு வழியில்லாமையே காரணம். இங்கிலாந்தில், 1857ஆம் ஆண்டின் திருமணச் சட்டம் வரும்வரை, மறுமணம் செய்யும் உரிமையோடு கூடிய விவாகரத்தை எந்த நீதிமன்றமும் வழங்கவியலாது. அதற்குப் பாராளுமன்றத்திலே ஒரு சட்டம் நிறைவேறுதல் வேண்டும்! செலவைத் தாங்கக்கூடிய செல்வரே அந்தப் படியை ஏறினர். அவர்களும் பெரும்பாலும் ஆடவரே. இவ்வழியில் விவாகரத்துப் பெற்ற முதற் பெண்மணி ஜேன் அடிசன், ஆண்டு 1801. ஒரு குடும்பத்தின் துயரம் முழுவதும் சட்டப் புத்தகத்திலே வாசகமாக ஏறியதென்றால், அதனை எழுதியவரின் பேனா எத்துணை நிதானமாக ஓடியிருக்கவேண்டும்!

புகையிரதம் வந்த காலத்தில் இத்தகைய சட்டங்கள் மலிந்தன. பிறருடைய காணியினூடே பாதை போடுவதற்குக் கம்பனிகளுக்குப் பாராளுமன்றத்தின் அதிகாரம் வேண்டியிருந்தது. லிவர்பூல் - மன்செஸ்டர் பாதைக்கான சட்டமூலம் 1825இல் குழுவின் முன் வந்தபோது, ஜோர்ஜ் ஸ்டீவன்சனின் நில அளவையிற் காணப்பட்ட பிழைகளை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒவ்வொன்றாக உரித்துக் காட்டினார். அச்சட்டமூலம் தோற்றது. வேறு அளவையாளரைக் கொண்டு புதிய வரைபடம் தயாரித்து, மறு ஆண்டிலேதான் கம்பனி தன் சட்டத்தைப் பெற்றது.

பின்னர் நூற்றுக்கணக்கான கம்பனிகள் படையெடுத்தன. ஒவ்வொரு சட்டமூலத்திலும் காணி எடுப்பது, நட்டஈடு கொடுப்பது, பங்குதாரரைக் கூட்டுவது என அதே விதிகளைத் திரும்பத் திரும்ப எழுதினர். ஓரிடத்தில் ஒரு சொல் கூடும். ஓரிடத்தில் ஒன்று குறையும். இந்தத் தொல்லையைத் தீர்க்க, கம்பனிகள், காணிகள், புகையிரதப் பாதைகள் ஆகிய மூன்றுக்கும் உரிய பொது வாசகங்களைத் தொகுத்து 1845இல் மூன்று சட்டங்கள் இயற்றப்பட்டன. அதன்பின், அவ்வாசகங்கள் இச்சட்டத்தோடு சேர்த்துக் கொள்ளப்படும் என்று ஒரு வரி எழுதினாற் போதும். இன்று கணினி செய்யும் வேலையிற் பாதியை அன்றே ஒரு வசனம் செய்துவிட்டது என்பேன்.

மீதிப் பாதியைப் பற்றிச் சொல்லவேண்டும். சட்டமூலம் எழுதுவதற்கு நாம் கடிதம் எழுதும் சாதாரண மென்பொருள் போதாதா என்று சிலர் கேட்பர். ஏழாம் வாசகம், பன்னிரண்டாம் வாசகத்தின் மூன்றாம் உட்பிரிவுக்கு அமைவாக என்று கூறுகிறது என்க. இடையிலே புதிய வாசகமொன்றைச் சேர்த்ததும் பன்னிரண்டு பதின்மூன்றாகிவிடும். ஏழாம் வாசகத்தைத் திருத்த மறந்தால், அயலவருடைய மதிலுக்குக் கொடுத்த பாதுகாப்பு வேறெதற்கோ போய்ச் சேரும். காணி உறுதியிலே வடக்கெல்லை தெற்கெல்லையாக மாறிப்போனால் விளையும் வழக்கை யாழ்ப்பாணத்தாருக்கு விளக்கவேண்டியதில்லை.

சட்டத்துக்கென்றே அமைந்த மென்பொருள் எழுத்தை வெறும் எழுத்தாகக் கொள்வதில்லை. இது வாசகம், இது உட்பிரிவு, இது அட்டவணை என்று ஒவ்வொன்றின் பதவியையும் அறிந்து வைத்திருக்கிறது. எண் மாறினால் அதனைச் சுட்டுமிடங்களும் உடன் மாறும். பிரித்தானியாவிலே சட்ட வரைஞர்கள் பல ஆண்டுகள் ஃபிரேம்மேக்கர் என்ற மென்பொருளைப் பயன்படுத்தினர். பின்னர் பாராளுமன்றமும், ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றமும், தேசிய ஆவணக் காப்பகமும், அரசாங்கச் சட்ட வரைஞர்களும் கூடி லோமேக்கர் என்பதை உருவாக்கினர். அதன் அடிப்படையான ஆவண முறைக்கு அக்கோமா ந்தோசோ என்று பெயர். மேற்காபிரிக்காவின் அக்கான் மொழியிலே இணைந்த இதயங்கள் என்பது பொருளாம். வரண்ட சட்ட வேலைக்கு இவ்வளவு இனிய பெயர் வாய்த்தது வியப்பே.

தனியார் சட்டமூலத்தில் இன்னொரு சிறப்பு உண்டு. இக்காலப் பொதுச் சட்டமூலங்களிற் பெரும்பாலும் காணப்படாத முகப்புரை இதிலே கட்டாயம் இருக்கவேண்டும். இந்தச் சட்டம் எதற்காக வேண்டுமென்று அதிலே காரணம் கூறப்படும். அக்காரணத்தைச் சாட்சிகள் மூலம் குழுவின் முன்னே நிரூபிக்கவும் வேண்டும். எனவே எழுதுபவர் இலக்கத்தை மென்பொருளிடம் விட்டுவிடலாம். நியாயத்தைத் தாமேதான் எழுதவேண்டும்.

கிளாஸ்கோ நகரத்துக் கதை இதற்கு நல்ல சான்று. கப்பல் வணிகரான சேர் வில்லியம் பரலும் மனைவியாரும் தம் கலைச் செல்வத்தை 1944இல் அந்நகருக்கு வழங்கினர். கடற்பயணத்தால் அவை சேதமடையக்கூடும் என்றஞ்சி, வெளிநாட்டுக்கு இரவல் கொடுக்கலாகாது என்று நிபந்தனை விதித்தனர். பின்னாளில், அக்காட்சிசாலையைப் புதுப்பிக்கும் காலத்தில் பொருள்களை வெளிநாடுகளிலே காட்சிக்கு வைக்க நகரசபை விரும்பியது. இறந்தவரின் விருப்பத்தை மீறலாமா என்று எதிர்ப்பும் எழுந்தது. ஸ்கொட்லாந்துப் பாராளுமன்றம் இருதரப்பையும் கேட்டு, 2014இல் தனியார் சட்டமொன்றை நிறைவேற்றியது. கொடையாளியின் கட்டளையை எவ்வளவு தளர்த்துவது என்ற கேள்விக்கு விடை, அச்சட்டத்தின் ஒருசில சொற்களிலே தங்கியிருந்தது. அச்சொற்களைத் தேர்ந்துகொடுக்க எந்த மென்பொருளும் முன்வரவில்லை.

வெஸ்ட்மின்ஸ்டரிலே இவ்வேலையைச் செய்வோர் பாராளுமன்ற முகவர் எனப்படுவர். ஆண்டுதோறும் நவம்பர் 27ஆம் திகதிக்குள் சட்டமூலத்தை ஒப்படைத்துவிட வேண்டும். வர்த்தமானியிலும் பத்திரிகைகளிலும் அறிவித்தல் வரும். பாதிக்கப்படக்கூடியவர் மனுச் செய்து எதிர்க்கலாம். அதன்பின் ஒரு சிறிய குழு, நீதிமன்றத்தைப் போல அமர்ந்து சாட்சிகளைக் கேட்கும். முகப்புரை நிரூபிக்கப்படவில்லை என்று குழு கூறுமாயின், இலக்கங்கள் எவ்வளவு ஒழுங்காக நின்றாலும், அந்தச் சட்டமூலத்தின் கதை அவ்வறையிலேயே முடிந்துவிடும்.