கண்ணுக்குத் தெரியாத அக்கினி

நெருப்பு என்றதும் செந்நிறச் சுவாலையும் கரும்புகையுமே நம் ஞாபகத்துக்கு வரும். சுவாலையும் தெரியாமல், புகையும் எழாமல், பட்டப் பகலில் ஒரு மனிதரை நெருப்புச் சுட்டெரிக்குமா? எரிக்கும். 1981-ஆம் வருஷம் மே மாதம் 24-ஆந் தேதி, அமெரிக்க தேசத்தின் இண்டியானாபொலிஸ் மோட்டார் பந்தயத்தில், திரளான ஜனங்களின் கண்ணெதிரே அது நடந்தது.

இந்தப் பந்தயத்தில் இரண்டரை மைல் பாதையை 200 தடவை சுற்ற வேண்டும். மொத்தம் 500 மைல். ஒரு தொட்டி எரிபொருள் அவ்வளவு தூரத்துக்குப் போதாது. ஆகையால் வண்டிகள் இடையிடையே 'பிட்' என்னும் இடத்தில் வந்து நிற்கும். உதவியாளர்கள் விநாடிக் கணக்கில் டயர்களை மாற்றி, எரிபொருளையும் நிரப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு புறம் யந்திரம் கொதிக்கிறது. அதன் அருகிலேயே எரிபொருள் பாய்கிறது. அபாயம் எங்கே இருக்கிறதென்று சொல்லவும் வேண்டுமோ?

அன்று ரிக் மியர்ஸ் என்ற வீரர் 58-ஆவது சுற்றில் பிட்டுக்கு வந்தார். குழாயின் வாய் வண்டியில் பொருந்துவதற்கு முன்பே எரிபொருள் பீறிட்டுச் சிதறி, சூடான யந்திரத்தில் பட்டுப் பற்றிக்கொண்டது. மியர்ஸ் வண்டியிலிருந்து குதித்து ஓடினார். அவர் எரிவது அறியாத பாதுகாப்பு ஊழியர் ஒருவர், அவருடைய தலைக்கவசத்தைக் கழற்ற முயன்றார். பிறகு அவரும் விலகி ஓடினார். தீயணைக்கும் கருவியுடன் நின்ற வேறொருவர் அதைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். மூச்சுத் திணறிய மியர்ஸ் அக்கருவியைத் தம்மேல் தாமே பிரயோகிக்கப் பார்த்தார். அத்தருணத்தில் அதை எடுத்து நெருப்பை அணைத்தவர் யார் தெரியுமா? அவரைப் பெற்ற தகப்பனார் பில் மியர்ஸ்!

இந்த மாய நெருப்பின் காரணம் மெதனால் என்ற எரிசாராயம். பம்ப் ஸ்டவ்வைப் பற்றவைக்க ஸ்பிரிட் ஊற்றிய வீடுகளில், பகல் வெளிச்சத்தில் அதன் சுவாலை தெரியாமல் கையைச் சுட்டுக்கொண்டவர்கள் உண்டு. மெதனாலின் சுவாலை அதனினும் மங்கல்.

அப்படியானால் அதை ஏன் உபயோகித்தார்கள்? அதற்கும் ஒரு துயரக் கதை உண்டு. 1964-இல் இதே பந்தயத்தின் இரண்டாவது சுற்றில் வண்டிகள் மோதி, பெட்ரோல் தீப்பற்றி, டேவ் மக்டொனால்ட், எடி ஸாக்ஸ் என்ற இரு வீரர்கள் மாண்டனர். அதன்பின் வண்டிகள் மெதனாலுக்கு மாறின. பெட்ரோல் நீரின்மேல் மிதந்துகொண்டே எரியும். மெதனாலோ நீரில் கலந்துவிடும், தண்ணீர் ஊற்றினால் அணையும். ஒரு தீமைக்குத் தேடிய பரிகாரம் புதிய தீமையையும் தன்னுடன் கொண்டுவந்தது!

மியர்ஸின் முகம் வெந்து, மூக்கில் ரணசிகிச்சை நடந்தது. ஆயினும் அவர் மனம் தளரவில்லை. 1979-இல் இண்டியானாபொலிஸில் வென்றிருந்த அவர், 1984, 1988, 1991-ஆம் வருஷங்களிலும் அங்கே வெற்றிமாலை சூடினார்.

விபத்துக்குப் பின் எரிபொருள் குழாயின் வாயில் ஒரு வால்வு அமைக்கப்பட்டது. வண்டியில் பொருந்தினாலன்றி அது திறக்காது. 2007-இல் இவ்வகைப் பந்தய வண்டிகள் எத்தனாலுக்கு மாறின. அதன் சுவாலை மெதனாலைவிட நன்றாகத் தெரியும்.

"ஜாக்கிரதையாக இருங்கள்" என்று ஊழியர்களுக்கு உபதேசம் செய்வது சுலபம். ஆனால் அவசரத்தில் கை தவறுவது மனித இயல்பு. அத்தவறு தீயாக மூளாதபடி தடுத்தது உபதேசமன்று. ஒரு சிறு வால்வுதான்.