எட்டாத பந்துக்கு யார் பொறுப்பு?

2010-இல் அமெரிக்கன் லீகில் களத்தடுப்பில் சிறந்த ஷார்ட்ஸ்டாப்புக்கான தங்கக் கையுறை விருது நியூயார்க் யாங்கீஸ் அணியின் டெரெக் ஜீட்டருக்குப் போனது. அவருக்கு அது ஐந்தாவது விருது. அந்தப் பருவம் முழுக்க அவர் பெயரில் எழுதப்பட்ட பிழைகள் ஆறே ஆறு. என்னோடு வேலை பார்த்த யாங்கீஸ் ரசிகர் ஒருவர் அந்த ஆறை வைத்தே மணிக்கணக்கில் வாதாடுவார். நான் கேட்பது ஒன்றுதான்: பிழை இருக்கட்டும், அவர் பக்கம் போன பந்துகளில் எத்தனை அவுட் ஆயின?

பேஸ்பால் பார்த்திராதவர்களுக்குக் கொஞ்சம் விளக்கம். பந்தை எறியும் பிட்சர், அதைப் பிடிக்கும் கேட்சர் போக, உள்களத்தில் நான்கு பேர் நிற்பார்கள். மூவர் ஆளுக்கொரு பேஸைக் காப்பார்கள். இரண்டாம் பேஸுக்கும் மூன்றாம் பேஸுக்கும் நடுவே நிற்பவர் ஷார்ட்ஸ்டாப். வலக்கைக்காரர்கள் அடிக்கும் தரைப்பந்துகள் பெரும்பாலும் அந்தப் பக்கமே பாயும் என்பதால் அவருக்கு ஓய்வே இருக்காது. அடித்தவர் முதல் பேஸுக்கு 90 அடி ஓட வேண்டும். நாலு, நாலரை விநாடியில் ஓடிவிடுவார். அதற்குள் பந்தை அள்ளி, முதல் பேஸில் நிற்பவரின் கையுறைக்கு எறிந்துவிட்டால் அவுட்.

கைக்கு வந்த பந்தை நழுவவிட்டாலோ தாறுமாறாக எறிந்தாலோ ஸ்கோரர் ‘எர்ரர்’, அதாவது பிழை, என்று எழுதுவார். பந்து இரண்டடி தள்ளிப் போய்விட்டால் அது எதிரணிக்கு ஹிட். ஷார்ட்ஸ்டாப்பின் கணக்கில் எதுவும் ஏறாது. அதாவது, பாய்ந்து போய்த் தொட்டவருக்குத்தான் ஆபத்து. எட்ட முடியாதவர் சுத்தமாகத் தெரிவார். ஜீட்டரின் கை நம்பகமான கை. மூன்றாம் பேஸ் பக்கம் ஓடி, பந்தைப் புறங்கையாகப் பிடித்து, அந்தரத்தில் எழும்பியபடியே அவர் எறிவது கண்கொள்ளாக் காட்சி. ஆனால் இடப்பக்கம், இரண்டாம் பேஸை ஒட்டிப் போகும் பந்துகள் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன.

ஹூஸ்டனில் இருந்த காலத்தில் நான் ரசித்தது ஆஸ்ட்ரோஸ் அணியின் ஆடம் எவரெட்டை. மேல்தட்டில் மலிவான இருக்கை; அங்கிருந்து முகம் தெரியாது, காலடி நன்றாகத் தெரியும். பிட்சரின் கை மேலெழும்போதே எவரெட் சின்னதாக ஒரு துள்ளல் துள்ளுவார். பந்து மட்டையில் பட்டு பிட்சரின் காலருகே குதிக்கும்போது நான் அதை ஹிட் என்றே நினைத்திருப்பேன். பார்த்தால் எவரெட் இரண்டாம் பேஸுக்குப் பின்னால், அது வரும் வழியில், குனிந்து நிற்பார். பாய்ச்சலும் கிடையாது, மண்ணில் புரளவும் மாட்டார். அதனாலேயே கைதட்டலும் குறைவு.

2006-இல் அவர் செய்த பிழைகள் ஏழு. ஜயன்ட்ஸ் அணியின் ஓமர் விஸ்கெல் செய்தவை நாலு. இருவரும் ஆடிய நேஷனல் லீகின் தங்கக் கையுறை விஸ்கெலுக்குப் போனது. விஸ்கெல் மகத்தான ஆட்டக்காரர், சந்தேகமே இல்லை. ஆனால் ஒவ்வொரு பந்தின் திசையையும் வேகத்தையும் வீடியோவில் பார்த்துக் கணக்கிட்ட ஆய்வாளர்கள் அதே ஆண்டு தொடங்கிய ஃபீல்டிங் பைபிள் விருது எவரெட்டுக்குத்தான் போனது. பேஸ்பால் புள்ளியியலின் முன்னோடியான பில் ஜேம்ஸ், ஜீட்டரையும் எவரெட்டையும் அருகருகே வைத்து ஒரு கட்டுரையே எழுதினார். இருவரின் ஆட்டத் துண்டுகளையும் போட்டுப் பார்த்துவிட்டு, ஜீட்டரின் களத்தடுப்பால் அணிக்கு நஷ்டம்தான் என்ற முடிவுக்கு வந்தார்.

ரோலிங்ஸ் நிறுவனம் 1957-இல் தொடங்கிய தங்கக் கையுறைக்கு வாக்களிப்பவர்கள் அணி மேலாளர்களும் பயிற்சியாளர்களும். சொந்த அணிக்காரருக்கு வாக்களிக்கக் கூடாது. எதிரணி ஆட்டக்காரரை அவர்கள் ஆண்டில் சில ஆட்டங்களில்தான் பார்ப்பார்கள். மீதியைப் பெயரும் புகழும் நிரப்பிவிடும். 1999-இல் டெக்சஸ் ரேஞ்சர்ஸின் ரஃபேல் பால்மீரோ முதல் பேஸில் நின்றது வெறும் 28 ஆட்டங்களில். மற்ற நாள்களில் மட்டை பிடிப்பது மட்டுமே அவர் வேலை. விருது அவருக்குத்தான் கிடைத்தது! பருவம் முழுக்க அந்த இடத்தில் வெயிலில் நின்றவர்களுக்கு இழைத்த அநியாயம் என்றே இதை இன்றும் சொல்வேன்.

2013 முதல் நிலைமை கொஞ்சம் மாறியது. முடிவில் 25 விழுக்காடு புள்ளியியல் குறியீட்டுக்கு ஒதுக்கப்பட்டது. இத்தனை இன்னிங்ஸாவது களத்தில் நின்றிருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. இப்போது கேமராக்களே ஆட்டக்காரர் எங்கே நின்றார், எவ்வளவு தூரம் ஓட வேண்டியிருந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று அளந்துவிடுகின்றன.

பயிற்சியாளர்களின் கண்ணே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதல் பேஸ்காரரை எடுத்துக்கொள்ளுங்கள். ஷார்ட்ஸ்டாப் அவசரத்தில் எறிந்த பந்து தரையில் குத்தி எழும். ஒரு கால் பேஸில் இருக்க, உடலை நீட்டி அதை அவர் அள்ளிவிட்டால், இன்னொருவர் பெயரில் விழவேண்டிய பிழை அங்கேயே மறைந்துவிடும். யார் யாரைக் காப்பாற்றினார் என்பது அந்த ஆட்டத்தையே வேலையாகப் பார்ப்பவருக்குச் சட்டென்று புரியும். ஆனால் முக்கால் பங்கு அவர்கள் கையில் இருப்பது அதிகம். அந்தக் கணக்கைத் தலைகீழாக்கி, முக்கால் பங்கை அளவைகளுக்கும் கால் பங்கை அவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்பதே என் கட்சி.